பேக்கப் டயல்-அப் லைனில் ஓஎஸ்பிஎஃப்: பில் எகிறாமல் அமைப்பது எப்படி?

கிளை அலுவலகத்துக்கு ஒரு லீஸ்டு லைன் (எப்போதும் திறந்திருக்கும் வாடகை இணைப்பு). அது விழுந்தால் கைகொடுக்க ஒரு ஐஎஸ்டிஎன் லைன் (தேவைப்படும்போது டயல் செய்து, திறந்திருக்கும் நேரத்துக்குக் காசு கட்டும் டிஜிட்டல் டெலிபோன் லைன்). இரண்டு பக்கமும் சிஸ்கோ ரூட்டர். நான் முதன்முதலில் இதை அமைத்தபோது எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. மாதக் கடைசியில் டெலிபோன் பில் வந்த பிறகுதான், யாரும் தொடாத பேக்கப் லைன் ராப்பகலாகத் திறந்தே கிடந்தது தெரிந்தது.

ரூட்டர்கள் தங்களுக்குள் பாதைகளைச் சொல்லிக்கொள்ளும் நெறிமுறையான ஓஎஸ்பிஎஃப், 'நான் இருக்கிறேன்' என்று 10 விநாடிக்கு ஒருமுறை 224.0.0.5 முகவரிக்கு ஹலோ அனுப்பும். ரூட்டரில் போன் போடும் டயலரோ, லைன் 120 விநாடி சும்மா இருந்தால்தான் போனை வைக்கும். பிறகு எங்கே வைப்பது?

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். ரூட்டரில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.

படி 1: டைனமிக் ரூட்டிங் (ரூட்டர்களே பாதைகளைக் கற்றுக்கொள்வது) உண்மையிலேயே தேவையா என்று பாருங்கள். கிளையில் ஒரே ஒரு லேன் என்றால், ஐஎஸ்டிஎன் பக்கம் ஓஎஸ்பிஎஃப்பே வேண்டாம். இரு முனையிலும் டிஸ்டன்ஸ் (ரூட்டின் நம்பகத்தன்மை எண், குறைவானதே வெல்லும்) 250 கொடுத்து, கையால் எழுதிய ஒரு ஸ்டாட்டிக் ரூட் போதும். ஓஎஸ்பிஎஃப்பின் டிஸ்டன்ஸ் 110 என்பதால், ஓஎஸ்பிஎஃப் ரூட் மறையும்வரை ஸ்டாட்டிக் தலைகாட்டாது. முடிந்தால் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 2: நெட்வொர்க்குகள் நிறைய இருக்கிறதா? சரி, எந்த முகவரிக்கு எந்த எண்ணை டயல் செய்வது என்று சொல்லும் டயலர் மேப் வரியின் கடைசியில் 'பிராட்காஸ்ட்' சேருங்கள். இல்லாவிட்டால் ஹலோ மறுமுனைக்குப் போகவே போகாது.

படி 3: ஐஎஸ்டிஎன் இன்டர்ஃபேஸில் 'ஐபி ஓஎஸ்பிஎஃப் டிமாண்ட்-சர்க்யூட்' போடுங்கள், ஒரு பக்கம் போட்டாலே போதும். 1995இல் வந்த ஆர்எஃப்சி 1793 சொல்லும் வழி இது. முதல் தடவை டயல் செய்து இரு ரூட்டரும் விவரங்களைப் பரிமாறிக்கொள்ளும். அப்புறம் ஹலோவும் இல்லை, 30 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் புதுப்பிப்பும் இல்லை. போனை வைத்தாலும் உறவு அறுந்ததாக ஓஎஸ்பிஎஃப் கருதாது. எந்த டிராஃபிக்குக்கு டயல் செய்யலாம் என்று சொல்லும் டயலர்-லிஸ்டில் ஓஎஸ்பிஎஃப்பைத் தடுக்கும் பழைய வைத்தியத்தை இதோடு கலக்காதீர்கள். உண்மையான மாற்றம் வரும்போது லைன் எழ வேண்டுமே!

படி 4: ஐஎஸ்டிஎன் இன்டர்ஃபேஸில் 'ஐபி ஓஎஸ்பிஎஃப் காஸ்ட் 9999' கொடுங்கள். காஸ்ட் என்பது பாதையின் விலை, குறைந்ததையே ஓஎஸ்பிஎஃப் எடுக்கும். இதைக் கொடுக்காமல், முதன்மை லைனும் 64 கிலோபிட் என்றால் இரண்டுக்கும் காஸ்ட் 1562 ஆகி, டிராஃபிக் பாதிப்பாதியாகப் பிரியும். லைன் இறங்கவே இறங்காது.

படி 5: முதன்மை இன்டர்ஃபேஸை ஷட் செய்து சோதியுங்கள். திரும்ப எழுப்பிய பிறகு, 120 விநாடியில் ஐஎஸ்டிஎன் இறங்க வேண்டும்.

இறங்கிய லைன் காரணமில்லாமல் மறுபடி எழுகிறதா? 'ஷோ டயலர்' தட்டுங்கள். டயல் செய்த காரணத்தில் 224.0.0.5 இருந்தால், ஏரியாவுக்குள் (ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க்கின் ஒரு பகுதி) ஏதோ ஒரு ரூட் வந்து வந்து போகிறது என்று பொருள். கிளையை டோட்டலி ஸ்டப் ஏரியாவாக்கினால் (வெளி ரூட்களுக்குப் பதில் ஒரே ஒரு டீஃபால்ட் ரூட் மட்டும் பெறும் பகுதி) வெளிச் சலசலப்பு பெரும்பாலும் அடங்கும். அப்படி ஆக்க முடியாமல், வேறு ரூட்களை ஓஎஸ்பிஎஃப்புக்குள் ரீடிஸ்ட்ரிபியூட் செய்கிறீர்கள் (நுழைக்கிறீர்கள்) என்றால், டயல் லைனில் ஓடும் பிபிபி நெறிமுறையைச் சந்தேகியுங்கள். லைன் எழும்போது மறுமுனையின் ஒரே முகவரிக்கான /32 ரூட்டை அது சேர்க்கும், இறங்கும்போது எடுத்துவிடும். அது உள்ளே நுழைந்தால் ஒவ்வொரு முறையும் புது மாற்றம், புது டயல். இன்டர்ஃபேஸில் 'நோ பியர் நெய்பர்-ரூட்' போட்டால் அடங்கிவிடும்.