நூல் சுற்றி ஆரம் காண்பது: மிதவை முதல் பலாப்பழம் வரை

கோளத்தின் கனஅளவு 4/3 πr³ என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஆனால் கையில் ஒரு பந்தைக் கொடுத்து அதன் ஆரம் எவ்வளவு என்று கேட்டால், ஸ்கேலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தயங்குகிறார்கள். மையம் உள்ளே இருப்பதால் ஆரத்தை நேராக அளக்க வழியில்லை. வெளியே அளக்க முடிந்த ஒன்றிலிருந்து அதைக் கணக்கிட்டுத்தான் பெற வேண்டும்.

கடலூர் துறைமுகத்தில் வலைகளோடு கிடக்கும் உருண்டையான மிதவை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் மிகப் பருத்த இடத்தில், இழுத்தால் நீளாத நூலைச் சுற்றி, முனை வந்து சேரும் இடத்தில் மையால் குறியிட்டு, நூலைப் பிரித்து மேசைமேல் நேராக வைத்து அளக்க வேண்டும். நூல் நடுவிலிருந்து சற்று விலகினாலும் சிறிய வட்டமே கிடைக்கும் என்பதால், மூன்று வெவ்வேறு திசைகளில் சுற்றிப் பார்ப்பது அவசியம். மூன்று அளவுகளும் ஒத்துவந்தால்தான் அதைக் கோளம் என்று கொள்ளலாம். சுற்றளவு 66 செ.மீ. என்றால், அதை 2π ஆல் வகுக்க ஆரம் 10.5 செ.மீ. ஆகும், π-க்கு 22/7 எனக் கொண்டால் கனஅளவு 4851 கன செ.மீ., அதாவது ஏறக்குறைய 4.85 லிட்டர். கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 1.025 கிலோ எடை கொண்டது. ஆகவே முழுவதும் மூழ்கிய மிதவை ஏறத்தாழ 5 கிலோ நீரை விலக்கும். அதில் மிதவையின் சொந்த எடையைக் கழித்தால் அது தாங்கக்கூடிய சுமை தெரியும்.

இங்கே மிகுந்த கவனம் தேவை. நூல் தளர்ந்து 66-க்குப் பதில் 68 செ.மீ. என்று அளந்துவிட்டால், அளவில் பிழை 3 விழுக்காடுதான்; ஆனால் சூத்திரத்தில் ஆரம் மும்மடியாக (r × r × r) வருவதால் கனஅளவு 9 விழுக்காட்டுக்கு மேல் கூடி 5300 கன செ.மீ.-ஐத் தாண்டிவிடும். 10.5 என்ற ஆரத்தை வசதிக்காக 11 என்று முழுமையாக்கினாலோ பிழை 15 விழுக்காடு. தோராயப்படுத்துவதைக் கடைசி வரியில் மட்டுமே செய்ய வேண்டும் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே. ஆரத்தின் இடத்தில் விட்டத்தைப் போட்டுவிட்டால் விடை எட்டு மடங்காகிவிடும்.

அந்த 4/3 எங்கிருந்து வந்தது என்பதையும் பிள்ளைகள் கண்ணால் காண வேண்டும். ஒரு ரப்பர் பந்தைச் சரிபாதியாக வெட்டி, வாயின் உள்விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். அது 6 செ.மீ. என்றால், அதே வாயகலமும் 3 செ.மீ. உயரமும் உள்ள ஓர் உருளையையும் ஒரு கூம்பையும் கெட்டி அட்டையில் செய்ய வேண்டும். கூம்பின் சாயுயரம் √(3² + 3²), அதாவது 4.24 செ.மீ.; அந்த ஆரத்தில் வட்டம் வரைந்து 255 பாகை கொண்ட வட்டக்கோணப்பகுதியை, ஒட்டுவதற்குச் சிறிது கூடுதல் விட்டு, வெட்டினால் சரியாக அமையும். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சிலிருந்து எடுத்துவந்து நன்றாகக் காயவைத்த மணலைக் கூம்பில் தலைதட்டி நிரப்பி, அரைப்பந்தில் கொட்டினால் இரண்டு கூம்பு மணல் பிடிக்கும். உருளையில் மூன்று பிடிக்கும். கூம்பு, அரைக்கோளம், உருளை மூன்றும் 1:2:3 என்ற விகிதத்தில் நிற்பதை ஆர்க்கிமிடீஸ் அறிந்திருந்தார். ஆரமும் உயரமும் சமமான உருளையின் கனஅளவு πr³. அதில் மூன்றில் இரண்டு பங்கு அரைக்கோளம். அதை இரட்டித்தால் 4/3 πr³. நம் நாட்டில் 12-ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் கோளத்தின் புறப்பரப்பை விட்டத்தால் பெருக்கி 6 ஆல் வகுக்கச் சொன்னதும் இதே விடையையே தருகிறது.

உருண்டையாகத் தெரிவதெல்லாம் கோளம் அல்ல. புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் உள்ள தியான மண்டபமான மாத்ரிமந்திர் 36 மீட்டர் விட்டமும் சுமார் 29 மீட்டர் உயரமும் கொண்டது. மேலும் கீழும் அமுங்கிய வடிவம். அதற்கு r³ என்று போடாமல், கிடை ஆரத்தை இருமுறையும் நிலை ஆரத்தை ஒருமுறையும் பெருக்க வேண்டும்: 4/3 × π × 18 × 18 × 14.5, ஏறக்குறைய 19,700 கன மீட்டர். கோளம் என்று நினைத்துக் கணக்கிட்டிருந்தால் 24,400 வந்திருக்கும்.

கூம்புக்குக் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் களத்து நெல் அம்பாரத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. அதன் உயரத்தையும் நேராக அளக்க முடியாது. ஆனால் அடியைச் சுற்றியும், உச்சியிலிருந்து சரிவின் வழியே அடிவரையும் கயிறு பிடிக்கலாம். அடிச்சுற்று 11 மீட்டர் என்றால் ஆரம் 1.75, சரிவு 2.15 மீட்டர் என்றால் உயரம் √(2.15² − 1.75²), அதாவது 1.25 மீட்டர். ⅓πr²h என்ற சூத்திரப்படி 4 கன மீட்டர் நெல். கன மீட்டருக்கு 550 முதல் 600 கிலோ என்று கொண்டால், மூட்டை பிடிப்பதற்கு முன்பே 2200 முதல் 2400 கிலோ இருக்கும் என்று மதிப்பிட்டுவிடலாம்.

பண்ருட்டிப் பலாப்பழத்துக்கு எந்தச் சூத்திரமும் பொருந்தாது. ஒரு டிரம்மை அகலமான அண்டாவுக்குள் நிறுத்தி, விளிம்புவரை நீர் ஊற்றி, பழத்தை மெதுவாக இறக்க வேண்டும். மிதந்தால் மெல்லிய கம்பியால் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே போகும் அளவுக்கு மட்டும் அழுத்த வேண்டும், கை நீருக்குள் போகக் கூடாது. வழிந்த நீரை எடைபோட்டால் ஒரு கிலோ ஒரு லிட்டர். நீர் 14.14 கிலோ இருந்தால் பழத்தின் கனஅளவு 14,140 கன செ.மீ. அதே கனஅளவுள்ள கோளத்தின் ஆரம் வேண்டுமானால், 3 ஆல் பெருக்கி 4π ஆல் வகுக்க 3375 வரும். அதன் கனமூலம் 15 செ.மீ. கால்குலேட்டரில் வர்க்கமூலப் பொத்தானை அழுத்திவிடாமல், கனமூலப் பொத்தான் இல்லையென்றால் 14-ஐயும் 16-ஐயும் மும்மடியாக்கிப் பார்த்து இடையில் உள்ளதைத் தேடிக்கொள்ளலாம்.