குரல் நின்னாச்சு, இன்னும் ஏன் இப்படி இருக்கார்? வீட்ல நடக்கற தப்புகள்
ஸ்கிசோஃப்ரினியா, பைபோலார் (மனநிலை ரொம்ப ஏறியும் ரொம்ப இறங்கியும் போற நோய்) மாதிரி தீவிர மனநோய் வந்தவர் மாத்திரை சாப்பிட்டு, காதுல கேட்ட குரல் நின்னு, சந்தேகம் எல்லாம் அடங்கினதும் வீட்ல "அப்பாடா, சரியாயிடுச்சு"ன்னு நிம்மதி ஆயிடுவாங்க, அப்புறமும் அவர் குளிக்காம, கேட்டதுக்கு ஒத்த வார்த்தைல பதில் சொல்லிட்டு ஒரே இடத்துல உக்காந்திருந்தா "இன்னும் என்ன சோம்பேறித்தனம்"னு ஆரம்பிச்சிடுவாங்க. என்னைக் கேட்டா மத்த தப்பெல்லாம் இந்த ஒரு தப்புல இருந்துதான் பொறக்குது.

குரல் கேக்கறதும் இல்லாததை நம்பறதும் நோயோட ஒரு பக்கம், மாத்திரை பெரும்பாலும் அதைத்தான் அடக்குது. கவனம், ஞாபகம், யோசிக்கற வேகம், ஒரு வேலைய எங்க தொடங்கி எப்படி முடிக்கறதுன்னு திட்டம் போடறது, இதெல்லாம் இன்னொரு பக்கம், இது மாத்திரைக்கு அவ்வளவா மசியாது. மாத்திரையாலதான் இப்படி ஆயிட்டார்னு முழுப் பழியையும் அது மேல போடவும் முடியாது, ஏன்னா இந்தக் குரலையும் சந்தேகத்தையும் அடக்கற முதல் மருந்தான குளோர்ப்ரோமசின் 1952லதான் வந்துச்சு, அதுக்கு ரொம்ப முன்னாடியே ஜெர்மன் டாக்டர் கிரேப்பலின் இவங்களுக்கு கவனம் நிக்காததை எழுதி வச்சிட்டார். 1996ல மைக்கேல் கிரீன்ங்கற ஆராய்ச்சியாளர் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிப் பாத்தப்போ, அன்றாட வாழ்க்கை எப்படிப் போகும்ங்கறது குரல் கேக்கறதை விட ஞாபகத்தோடயும் கவனத்தோடயும்தான் அதிகமா ஒட்டி வந்துச்சு.

அதனால "கடைக்குப் போயிட்டு, வர்ற வழில பில் கட்டிட்டு, அப்படியே மாமாவுக்கு போன் பண்ணிடு"ன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டு, ஒண்ணுதான் செஞ்சிருக்கார்னு கத்தாதீங்க. ஒண்ணு சொல்லுங்க, முடிஞ்சதும் அடுத்தது. எழுதிக் கொடுங்க, மாத்திரை டப்பாவும் சாவியும் தினமும் ஒரே இடத்துல இருக்கட்டும், போன்ல அலாரம் வைங்க (கண் சரியா தெரியலன்னா கண்ணாடி போடறோம், இதுக்கு மட்டும் என்ன வெக்கம்).

அடுத்தது "இவனுக்குப் பாசமே போயிடுச்சு"ங்கற முடிவு. ஸ்கிசோஃப்ரினியா இருக்கறவங்களுக்கு உணர்ச்சியைத் தூண்டற படக்காட்சி போட்டுப் பாத்த ஆய்வுகள்ல முகம் மத்தவங்க அளவுக்கு அசையல, ஆனா உள்ள என்ன தோணுச்சுன்னு கேட்டப்போ கிட்டத்தட்ட மத்தவங்க சொன்ன அளவுக்கே சொன்னாங்க. இன்னொரு விஷயமும் இருக்கு, ஒண்ணைச் செய்யறப்போ சந்தோஷம் வருது, செஞ்சா நல்லாருக்கும்னு முன்கூட்டி தோணறதுதான் பலருக்கும் குறையுது. "எங்க போலாம், நீயே சொல்லு"ன்னு கேட்டுட்டே இருந்தா "எங்கயும் வேணாம்"தான் வரும், "வா, ஒரு பத்து நிமிஷம் நடந்துட்டு வரலாம்"னா கிளம்பிடலாம். அதே மாதிரி அடுத்தவங்க முகத்தைப் படிக்கறதும் தடுமாறும், நீங்க சும்மா உக்காந்திருக்கறதே கோவமா இருக்கற மாதிரி அவருக்குத் தெரியலாம், அதனால "உன் மேல கோவம் இல்ல, தலைவலி"ன்னு வாய்விட்டு சொல்லிடுங்க.

குத்தம் சொல்லிட்டே இருக்கற வீட்டுக்குத் திரும்பிப் போனவங்களுக்கு நோய் மறுபடி தலைதூக்கறது அதிகம்னு ஜார்ஜ் பிரௌன் குழு பிரிட்டன்ல ரொம்ப காலத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்சாங்க, அளவுக்கு மீறி பொத்திப் பொத்தி வைக்கறதும் அந்தக் கணக்குலதான் வந்துச்சு. எல்லாத்தையும் நாமளே செஞ்சு கொடுத்தா கொஞ்சநஞ்சம் மிச்சமிருக்கற பழக்கமும் போயிடும்.

மந்தமா இருக்காரேன்னு மாத்திரைய நீங்களா நிறுத்தறது மட்டும் வேண்டவே வேண்டாம். டாக்டர்கிட்ட மந்தத்தை தனியா எடுத்துச் சொல்லுங்க, பாதிப் பேர் "இப்ப தொந்தரவு இல்ல டாக்டர்"னு சொல்லிட்டு எழுந்து வந்துடறாங்க. மாத்திரையால வர்ற கை நடுக்கத்துக்கும் இறுக்கத்துக்கும் கொடுக்கற ட்ரைஹெக்ஸிஃபெனிடில்ங்கற மருந்து ஞாபகத்தை மங்க வைக்கலாம், பைபோலாருக்குக் கொடுக்கற லித்தியம் சாப்பிடறவங்களுக்கு தைராய்டு குறைஞ்சும் மந்தம் வரலாம், டாக்டர் பாத்து மாத்தக்கூடிய விஷயங்கள் இவை.

"முழுசா குணமாகட்டும், அப்புறம் வேலைக்குப் போகலாம்"னு வருஷக்கணக்கா உக்கார வைக்கறதும் சரியில்ல. வேலைல சேர்த்துவிட்டு, சேர்ந்த அப்புறமும் கூடவே ஒருத்தர் துணையா இருக்கற முறைதான் நீளமா பயிற்சி கொடுத்துட்டே இருக்கறதை விட நல்லா பலன் கொடுத்திருக்கு, அதனால ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேர வேலை கிடைச்சாலும் அனுப்பிப் பாருங்க, அங்க எது கஷ்டமா இருந்துச்சுன்னு அவர்கிட்டயே கேட்டு, அதை மட்டும் சரிபண்ணப் பாருங்க.