பாட்டன்பர்க் ஹென்றியைப் பற்றி எழுதும்போது வழுக்கும் இடங்கள்

விக்டோரியா மகாராணியின் கடைக்குட்டி பியாட்ரிஸின் கணவர். பாட்டன்பர்க் இளவரசர் ஹென்றியைப் பற்றிப் பலருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். அந்தச் சிறிய வாழ்க்கையை எழுதப் போகிறவர்கள் பிறப்பிலேயே சறுக்கிவிடுகிறார்கள்.

1858 அக்டோபர் 5 அன்று மிலானில் பிறந்தார் என்றதும் 'இத்தாலியில் பிறந்த இளவரசர்' என்று எழுதிவிடுவார்கள். மிலான் அப்போது ஆஸ்திரியாவின் கையில் இருந்தது; அப்பா அந்நாட்டுப் படையில் அதிகாரி. போகட்டும், இளவரசராகவாவது பிறந்தாரா என்றால் அதுவும் இல்லை. அப்பா, ஜெர்மானிய நாடுகளில் ஒன்றான ஹெஸ்ஸேயின் அரச குடும்பத்து அலெக்சாண்டர். அம்மா ஜூலியா ஹாவ்கே, ரஷ்ய அரண்மனையில் தோழியாக இருந்தவர். அந்தஸ்து குறைந்த இடத்தில் பெண் எடுத்ததால் 1851இல் ஜூலியாவுக்குக் கிடைத்தது கோமாட்டிப் பட்டம் மட்டுமே. அது இளவரசிப் பட்டமாக உயர்ந்தது 1858 டிசம்பர் கடைசியில். அதாவது, மூன்று மாதம்கூட நிறையாத தொட்டில் குழந்தையாக இருந்தபோதுதான் ஹென்றி இளவரசர் ஆனார்.

இப்படிப்பட்ட திருமணத்தை 'மார்கனாட்டிக்' என்பார்கள். வைப்பாட்டி உறவைப் போன்ற தொனியில் இதை எழுதுவதுதான் எனக்கு எரிச்சலூட்டும் பிழை. தேவாலயத்தில் முறைப்படி நடந்த திருமணம், முறையாகப் பிறந்த பிள்ளைகள். ஹெஸ்ஸே அரியணையில் பங்கு கிடையாது, அவ்வளவே.

அடுத்து அலெக்சாண்டர்கள். ஹென்றியின் அப்பா அலெக்சாண்டர், பல்கேரியாவை 1879 முதல் 1886 வரை ஆண்ட அண்ணன் அலெக்சாண்டர், மூத்த மகனும் அலெக்சாண்டர். பெயரன்தான் பேரன் ஆனான் என்று அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. ஆனால் யாரைச் சொல்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் குறிப்பிட வேண்டும். இந்தியாவின் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் ஹென்றியின் மகன் அல்லர். மூத்த அண்ணன் லூயியின் மகன். ஹென்றி அவருக்குச் சித்தப்பா. லூயியின் மனைவியோ பியாட்ரிஸுக்கு அக்கா மகள். அக்கா மகளே ஓரகத்தி ஆன கதை இது. ஆங்கிலத்து 'அங்கிள்', 'கசின்' ஆகியவற்றை அப்படியே பெயர்த்தால் இந்தச் சிக்கல் விளங்காது.

1885இல் நடந்த கல்யாணத்தை வெறும் காதல் கதையாக்குவதும் சரியில்லை. மகள் விருப்பத்தைச் சொன்ன பிறகு மகாராணி மாதக்கணக்கில் அவரோடு பேசவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தாலும் சீட்டு எழுதித் தள்ளினார். கடைசியில் ஒரே நிபந்தனை: ஹென்றி வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்க வேண்டும்.

ஸ்பெயின் அரச குடும்பத்துக்குள் ஹீமோஃபீலியா, அதாவது ரத்தம் எளிதில் உறையாத பரம்பரை நோய், நுழைந்ததற்கு அங்கே அரசியாகப் போன இவர்களின் மகள் எனாவைச் சொல்வார்கள். அது சரி. ஆனால் பழியைப் பாட்டன்பர்க் ரத்தத்தின் மேல் போடக்கூடாது. அந்தக் குறையைப் பிள்ளைகளுக்குக் கடத்தியவர் பியாட்ரிஸ். அவருக்கு அது தாய்வழி வந்தது.

'அசாந்தி போரில் வீரமரணம்' என்பதும் தவறு. 1895 கடைசியில், மேற்கு ஆப்பிரிக்காவின் அசாந்தி நாட்டின் மீதான அந்த பிரிட்டிஷ் படையெடுப்பில் ஹென்றி சேர்ந்தது உண்மை. ஆனால் அசாந்தித் தலைநகர் குமாசியைச் சென்றடையும் முன்பே மலேரியாவில் விழுந்தார். திருப்பி அனுப்பப்பட்டு, 1896 ஜனவரி 20 அன்று சியரா லியோனுக்கு அப்பால் கப்பலிலேயே இறந்தார். குமாசியோ சண்டையில்லாமலே பணிந்தது. போர்க்களத்தில் இறந்தவர் கடைசி மகன் மாரிஸ், 1914இல், பெல்ஜியத்தின் ஈப்ர் அருகே. ஹென்றியின் உடல் இங்கிலாந்தின் வைட் தீவுக்கு வந்து சேர்ந்தது. பியாட்ரிஸைக் கைப்பிடித்த, அந்தத் தீவின் விப்பிங்காம் தேவாலயத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.