விசா கிடைத்தாயிற்று, இனி ஸ்டேட்டஸ்: அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு

விடுமுறைக்குத் தக்கலை வந்திருந்தபோது எங்கள் தெருவிலிருந்து இரண்டு பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். இருவருக்கும் எஃப்-1 என்ற மாணவர் விசா கிடைத்துவிட்டது. ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறார்கள். கைரேகை, நேர்காணல் என்று சென்னைக்கு அலைந்த களைப்பு இன்னும் முகத்தில் இருந்தது. "இனி கஷ்டம் ஒண்ணும் இல்லதானே அக்கா?" என்று கேட்டாள் ஒருத்தி. இருக்கிறது என்று சொல்ல மனம் வரவில்லை. சாயா குடித்துக்கொண்டே அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: விசாவையும் ஸ்டேட்டஸையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா நாட்டுக்குள் நுழைவதற்கு. நுழைந்த பிறகு நீங்கள் சட்டப்படி மாணவராக இருக்கிறீர்களா என்பதுதான் ஸ்டேட்டஸ். அங்கே இருக்கும்போது விசாவின் தேதி முடிந்தால் பரவாயில்லை, அடுத்த முறை ஊருக்கு வந்து திரும்பும்போது புதிதாக வாங்கினால் போதும். ஸ்டேட்டஸ் போனால் கதை வேறு.

அந்த ஸ்டேட்டஸ் செவிஸ் என்ற அரசுக் கணினிப் பதிவில் இருக்கிறது. நேர்காணலுக்கு முன்னால் 350 டாலர் கட்டினீர்களே, அது இதற்குத்தான். அந்தப் பதிவைத் திருத்தும் அதிகாரம் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இருக்கும் டி.எஸ்.ஓ. என்ற அதிகாரிக்கு உண்டு. அடுத்த இரண்டு வருடத்துக்கு உங்களுக்கு மிக முக்கியமான ஆள் அவர். எதையும் செய்வதற்கு முன்னால் அவரிடம் கேளுங்கள். செய்துவிட்டுக் கேட்டால் பல விஷயங்களில் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

படி 2: பெயரைச் சரிபாருங்கள்

இது நம் ஊர்ப் பிரச்சினை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அப்பா பெயரை இனிஷியலாகவே எழுதிப் பழகிய நமக்கு, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் பல நேரம் காலியாக இருக்கும். அப்படி இருந்தால் விசாவில் உங்கள் முழுப் பெயரும் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சாகும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்று அர்த்தம். எனக்கு அப்படித்தான் ஆனது. முதல் வகுப்பில் வருகைப் பட்டியலைப் பார்த்து ஆசிரியர் "ஃப்னு, ஃப்னு" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். யாரடா இந்த ஃப்னு என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.

சிரிப்பு அதோடு முடிந்தது. வங்கி, ஓட்டுநர் உரிமம், சம்பளத்துக்கும் வரிக்கும் வேண்டிய சோஷியல் செக்யூரிட்டி அட்டை என்று ஒவ்வொரு இடத்திலும் பெயர் ஒவ்வொரு மாதிரி வந்தால் ஒவ்வொரு இடத்திலும் விளக்கம் சொல்ல வேண்டும். இன்னும் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கவில்லை என்றால், பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்து மறுவெளியீடு வாங்கிவிடுங்கள். விசா அடித்துவிட்டார்கள் என்றால் அதை இப்போது தொட வேண்டாம். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள், அது போதும்.

படி 3: இறங்கிய முதல் வாரம்

பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் உள்ள படிப்புத் தொடங்கும் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் உள்ளே விடமாட்டார்கள். டிக்கெட் போடும்போதே கணக்குப் பாருங்கள். ஐ-20, பாஸ்போர்ட், பணம் காட்டிய ஆவணங்கள் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் போட்டால் குடியேற்ற வரிசையில் நிற்கும்போது அது எங்கோ சுற்றிக்கொண்டிருக்கும். அம்மா கட்டித்தரும் முந்திரிக்கொத்து பெட்டியிலேயே போகலாம். ஆனால் உணவு இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று சொல்லுங்கள். பழம், இறைச்சி வேண்டவே வேண்டாம்.

அறைக்குப் போய்த் தூங்கி எழுந்ததும், நாட்டுக்குள் நுழைந்ததைக் காட்டும் ஐ-94 பதிவை இணையத்தில் எடுத்துப் பாருங்கள். எஃப்.என்.யு. ஆட்கள் முதல் பெயர் இடத்தில் அதையே போட்டுத் தேடுங்கள். அதில் எஃப்-1 என்று இருக்க வேண்டும். தங்கும் காலம் என்ற இடத்தில் எனக்கு டி/எஸ் என்று இருந்தது, அதாவது ஸ்டேட்டஸ் இருக்கும்வரை. இதை மாற்றி, அதிகபட்சம் நான்கு ஆண்டு என்று தேதி குறிக்கும் வரைவு விதி ஒன்றை 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு வெளியிட்டது. ஆகவே உங்கள் பதிவில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள், சீனியர் சொன்னதை நம்ப வேண்டாம். தவறு இருந்தால் அன்றே டி.எஸ்.ஓ.விடம் போங்கள்.

அப்புறம் அலுவலகத்தில் செக்-இன். படிப்புத் தொடங்கும் தேதியிலிருந்து 30 நாளுக்குள் அவர்கள் உங்களைச் செவிஸில் பதிவு செய்தாக வேண்டும். வீடு மாறினால் 10 நாளுக்குள் புது முகவரியைச் சொல்ல வேண்டும். முதல் மாதம் யார் வீட்டிலாவது ஹாலில் படுத்துவிட்டு வேறு வீடு போகும் நம் பிள்ளைகள் மறப்பது இதைத்தான்.

படி 4: கிரெடிட்டில் கை வைக்காதீர்கள்

எவ்வளவு பாடம் எடுக்கிறோம் என்பதை அங்கே கிரெடிட் கணக்கில் அளப்பார்கள். இளங்கலை என்றால் ஒரு செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட். முதுகலைக்குப் பல்கலைக்கழகமே முடிவு செய்யும், பல இடங்களில் 9. முழுக்க ஆன்லைனில் நடக்கும் பாடம் இந்தக் கணக்கில் ஒன்றுதான், அதாவது 3 கிரெடிட் வரைதான் சேரும்.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். முதல் செமஸ்டரில் புள்ளியியல் பாடம் தலைக்கு ஏறவில்லை. "விட்டுடு, அடுத்த செமஸ்டர்ல பாத்துக்கலாம்" என்றான் கூடப் படித்தவன். இரவோடு இரவாக இணையத்தில் போய் அந்தப் பாடத்தை விட்டேன். மறுநாள் வேறொரு கையெழுத்துக்காக அலுவலகம் போனபோது டி.எஸ்.ஓ. திரையைப் பார்த்துவிட்டு, "உனக்கு 6 கிரெடிட்தான் இருக்கிறது, தெரியுமா?" என்றார். புதுப் பாடம் சேர்க்க இரண்டு நாள் மிச்சம் இருந்ததால் தப்பித்தேன். அந்த இரண்டு நாளில் கிடைத்தது யாருக்கும் பிடிக்காத காலை 8 மணி வகுப்பு. அதையும் படித்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

பாடச்சுமையைக் குறைக்க வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். உடல்நலக் குறைவு, தொடக்கத்தில் வரும் படிப்புச் சிரமம், கடைசி செமஸ்டரில் பாடம் மிச்சமில்லாதது ஆகியவற்றுக்கு அனுமதி உண்டு. பாடத்தை விடுவதற்கு முன்னால் அந்த அனுமதி செவிஸில் ஏற வேண்டும். அவ்வளவுதான்.

படி 5: வேலை

வளாகத்துக்குள் செய்யலாம். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம். இரண்டு வேலை பார்த்தாலும் சேர்த்து 20தான். விடுமுறையில் முழு நேரம் செய்யலாம். வேலை கிடைத்த பிறகுதான் சோஷியல் செக்யூரிட்டி எண் வாங்க முடியும். சம்பளச் சீட்டில் சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு மாணவரிடம் அதைப் பிடிக்கக் கூடாது.

வளாகத்துக்கு வெளியே, "கையில் காசு தரேன்" என்று பெட்ரோல் பங்கிலோ மளிகைக் கடையிலோ கூப்பிடுவார்கள். கல்விக் கடனுக்கு வீட்டுப் பத்திரத்தை வைத்துவிட்டு வந்த பிள்ளைக்கு அந்தக் காசு பெரிதாகத் தெரியும், எனக்குப் புரிகிறது. ஆனாலும் போகாதீர்கள். அனுமதியில்லாத வேலை ஸ்டேட்டஸை முறித்துவிடும். படிப்போடு சேர்ந்த பயிற்சி வேலைக்கு சி.பி.டி., படிப்புக்குப் பிறகு 12 மாதம் வேலை பார்க்க ஓ.பி.டி., அறிவியல், பொறியியல் பட்டம் என்றால் மேலும் 24 மாதம் என்று அனுமதியோடு நேர்வழி இருக்கிறது. முழுநேர சி.பி.டி.யை 12 மாதம் செய்தால் அதே பட்டப்படிப்புக்கான ஓ.பி.டி. போய்விடும். இதைச் சொல்லித்தர ஆள் இல்லாமல் இழந்தவர்கள் உண்டு.

வருமானமே இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் வரித்துறைக்குப் படிவம் 8843 அனுப்ப வேண்டும்.

படி 6: ஊருக்கு வந்து போவது

ஐ-20-இன் இரண்டாம் பக்கத்தில் டி.எஸ்.ஓ.வின் பயணக் கையெழுத்து ஓர் ஆண்டுக்குள் போட்டதாக இருக்க வேண்டும். டிசம்பர் டிக்கெட் எடுத்தவுடன் கேட்டு வாங்குங்கள். விசா தேதி முடிந்திருந்தால் திரும்புவதற்கு முன் மறுபடி நேர்காணல் தேதி பிடிக்க வேண்டியிருக்கும், அதற்கும் நாள் ஒதுக்குங்கள்.

படி 7: வயிறும் கடிகாரமும்

மிக்ஸி எடுத்துப் போகலாமா என்று பையன் கேட்டான். நம் ஊர் மிக்ஸி 230 வோல்ட், அங்கே வருவது 120. தேங்காய் அரையாது, சுற்றுகிற மாதிரி பாவனை காட்டும். 110 வோல்ட் மிக்ஸி அங்குள்ள இந்தியக் கடைகளில் கிடைக்கும். தீயலுக்கு வறுத்து அரைக்க வேண்டும் என்கிறவர்கள் அதற்குக் காசு ஒதுக்குங்கள். தேங்காய்த் துருவல் உறைய வைத்து விற்பார்கள். மரச்சீனிக் கிழங்கும் உறைந்த நிலையில் கிடைக்கும். நெத்திலி வாசம் வந்தால் அறைத்தோழர்கள் முகம் சுளிக்கலாம். முதலிலேயே பேசிவிடுங்கள்.

வீட்டுக்கு எப்போது பேசுவது என்று ஒரு நேரம் வையுங்கள். கிழக்குக் கரையில் கோடைக்காலத்தில் இரவு 9:30 என்றால் தக்கலையில் மறுநாள் காலை 7. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள், அப்போது இங்கே 8 ஆகிவிடும். நான் முதல் வருடம் இதை அம்மாவிடம் சொல்லவில்லை. ஏழு மணிக்கு போன் வரவில்லை என்றதும் பக்கத்து வீட்டுச் சித்தியையும் கூட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். எட்டு மணிக்கு நான் கூப்பிட்டபோது போனை எடுத்தது சித்திதான்.