பாட வளங்களைத் தேடி எடுக்க ஒரு தரவுத்தளம்: ஆசிரியர்களுக்கான செய்முறை

இணையவழிப் பாடம் தயாரிக்கும் ஆசிரியரிடம் இணைப்புகளுக்குப் பஞ்சமே இருக்காது. வாட்ஸப்பில் கொஞ்சம், புக்மார்க்கில் கொஞ்சம், மின்னஞ்சலில் கொஞ்சம். வேண்டிய நேரத்தில்தான் ஒன்றும் கைக்குக் கிடைக்காது. இதைச் சரிசெய்ய கூகுள் ஷீட்ஸ் போதும், நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

படி 1: எப்படித் தேடுவீர்கள்?

ஷீட்டைத் திறக்கும் முன் ஒரு தாளில், நீங்கள் தேடும் விதத்தை அப்படியே எழுதுங்கள். “எட்டாம் வகுப்புக்கு மின்சுற்று பற்றி, பத்து நிமிடத்துக்குள் முடிகிற, தமிழ் வீடியோ.” இந்த ஒரு வரியிலேயே வகுப்பு, தலைப்பு, நேரம், மொழி, வடிவம் என ஐந்து நெடுவரிசைகள் வந்துவிட்டன. பாடம், பெயர், இணைப்பு, உருவாக்கியவர், உரிமம், குறிச்சொற்கள், சரிபார்த்த தேதி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டப்ளின் கோர் என்ற மெட்டாடேட்டா (ஒரு வளத்தைப் பற்றிய விவரங்கள்) தரத்தின் அடிப்படைப் பட்டியலிலேயே 15 புலங்கள்தான். நாற்பது நெடுவரிசை போட்டால் இரண்டாம் வாரமே நிரப்புவதை விட்டுவிடுவீர்கள்.

படி 2: டிராப்டவுன்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஒருவர் “8ம் வகுப்பு” என்பார், இன்னொருவர் “எட்டாம் வகுப்பு” என்பார், மூன்றாமவர் வெறும் “8” போடுவார். நமக்கு மூன்றும் ஒன்று; கணினிக்கு மூன்றும் வேறு. அதனால் வகுப்பு, பாடம், மொழி, வடிவம், உரிமம் ஆகிய ஐந்திலும் கையால் தட்டச்சு செய்யவே விடாதீர்கள். இன்சர்ட் மெனுவில் டிராப்டவுனைத் தேர்ந்து, அனுமதிக்கும் சொற்களை நீங்களே கொடுத்துவிடுங்கள்.

குறிச்சொற்களில் மட்டும் தாராளமாக இருங்கள். வீடியோவின் பெயர் “ஓம் விதி” என்றிருக்கும்; உங்கள் சக ஆசிரியரோ “மின்தடை” என்று தேடுவார். பெயரில் இல்லாத, ஆனால் தேடுபவர் வாயில் வரக்கூடிய சொற்களுக்குத்தான் இந்த நெடுவரிசை.

படி 3: உரிமம்

பலரும் காலியாக விடும் நெடுவரிசை இது. இலவசமாகப் பார்க்க முடிகிறது என்பதால் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பொருளில்லை. படைப்பைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று உருவாக்கியவரே முன்கூட்டி அறிவிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் “பிஒய்” என்றால் உருவாக்கியவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். “என்சி” என்றால் வணிக நோக்கத்துக்குக் கூடாது. “என்டி” என்றால் மாற்றியமைத்த வடிவத்தைப் பகிரக் கூடாது. மொழிபெயர்ப்பும் மாற்றம்தான் என்பதால், அத்தகைய பாடத்தைத் தமிழாக்கி உங்கள் தளத்தில் போட முடியாது. படங்கள் வேண்டுமென்றால் விக்கிமீடியா காமன்ஸில் தொடங்கலாம். என்சி, என்டி உரிமம் மட்டுமே உள்ள படங்களை அங்கே ஏற்பதில்லை.

படி 4: தேடுதல்

டேட்டா மெனுவில் ஃபில்டர் வியூ ஒன்றை உருவாக்குங்கள். சாதாரண ஃபில்டர் போட்டால், அதே ஷீட்டில் வேலை செய்யும் மற்றவர்களுக்கும் வரிசைகள் மறைந்துபோகும். ஃபில்டர் வியூவில் அந்தத் தொல்லை இல்லை. வகுப்பு, மொழி போன்றவற்றை டிக் செய்து வடிகட்டுங்கள். குறிச்சொற்களுக்கு “டெக்ஸ்ட் கன்டெய்ன்ஸ்” என்ற நிபந்தனையில் சொல்லைக் கொடுங்கள். ஒரே கட்டத்தில் ஐந்தாறு சொற்கள் இருந்தாலும் பிடித்துவிடும்.

பத்து வளங்களை இட்டதுமே தேடிப் பாருங்கள். நெடுவரிசையை மாற்றுவது பத்து வரிசையில் எளிது, ஐந்நூறில் தலைவலி.

படி 5: பலர் சேர்ப்பதென்றால்

ஷீட்டைத் திருத்தும் உரிமையை எல்லோருக்கும் கொடுக்காமல், கூகுள் ஃபார்ம் ஒன்றை இணைத்துவிடுங்கள். பதில்கள் தனித் தாளில் வந்து சேரும். அதைப் பார்த்து, தேறியதை மட்டும் முதன்மைத் தாளுக்கு மாற்ற ஒருவர் பொறுப்பேற்கட்டும். என் கருத்தில் குழுவாகப் பொறுப்பேற்பது வேலைக்காகாது.

அப்புறம், இணைப்புகள் செத்துப்போகும். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் சரிபார்த்த தேதியை வைத்து வரிசைப்படுத்தி, பழையவற்றைத் திறந்து பாருங்கள். முக்கியமான பக்கங்களைச் சேர்க்கும்போதே, இணையப் பக்கங்களின் நகலைப் பாதுகாக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமித்து, அந்த முகவரியையும் பக்கத்துக் கட்டத்தில் போட்டு வையுங்கள்.