ஆய்வகச் சீரமைப்பும் கருவிக் கொள்முதலும்: ஒப்புதல் கோப்பைத் தயாரிப்பது எப்படி?

பல்கலைக்கழகக் கொள்முதல் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், "உங்க லேப்தானே, பேப்பரையும் நீங்களே ரெடி பண்ணிடுங்க" என்று தலையில் கட்டப்பட்ட விரிவுரையாளர்களுக்கும் இந்தப் பதிவு. பினாங்கில் எங்கள் வளாகத்தில் பழைய ஆய்வகம் ஒன்றைப் புதுப்பித்துக் கருவிகள் வாங்கியபோது எழுதி வைத்த குறிப்புகள் இவை. அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் பொருந்தும். தனியார் கதை வேறு. நிதி ஒதுக்கீட்டுக் கடிதம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. எது கட்டட வேலை, எது கருவி என்று பிரியுங்கள்

சுவர், தரை, மின்சாரம், குழாய் எல்லாம் கட்டட வேலை. குத்தகையாளர் சிஐடிபியில் (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பதிந்திருக்க வேண்டும். அரசு வேலை என்பதால் எஸ்பிகேகே சான்றிதழும் வேண்டும். ஜி1 முதல் ஜி7 வரை தரம் உண்டு. ஜி7-க்கு மட்டும் தொகை உச்சவரம்பு இல்லை. கருவி விற்பவருக்கு இது தேவையில்லை. அவரிடம் நிதியமைச்சின் பதிவைப் பாருங்கள், அதுவும் சரியான பொருள் பிரிவின் கீழ் இருக்கிறதா என்று.

எவ்வளவு தொகைக்குக் கோட்டேஷன், எதற்கு மேல் டெண்டர் என்பதை வேண்டுமென்றேதான் இங்கே எழுதவில்லை. நிதியமைச்சு அதைச் சுற்றறிக்கை மூலம் மாற்றிக்கொண்டே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய பிடிஎஃப்பை நம்பாமல் பிகே வரிசைச் சுற்றறிக்கையை நேரடியாகத் திறந்து பாருங்கள். உங்கள் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டுவிட்டதா என்று பெண்டஹாரி (நிதி) அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். டெண்டருக்குப் போகாமல் தப்பிக்க ஒரே வேலையை நாலாக உடைப்பது விதிமீறல். தணிக்கையில் முதலில் கண்ணில் படுவதும் அதுதான்.

2. தேவைப் பட்டியல்

பிராண்டு பெயர் போடக்கூடாது. ஒரே நிறுவனத்தின் விளம்பரத் தாளிலிருந்து எண்களை அப்படியே எடுத்துப் போட்டாலும் பெயர் போட்டதற்குச் சமம்தான். குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று எழுதுங்கள்.

3. கட்டட வேலைக்கும் கருவிக்கும் நடுவில் இருப்பது யார் பொறுப்பு?

பெரும்பாலான கோப்புகள் சிக்கிக்கொள்ளும் இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஃப்யூம் ஹூட் (ரசாயனப் புகையை உறிஞ்சும் பெட்டி) ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் புகை குழாய் வழியாக மேலே போய், கூரையில் உள்ள விசிறி வழியாக வெளியேற வேண்டும். கருவி விற்பவர் ஹூட்டின் கழுத்து வரைக்கும்தான் விலை போட்டிருப்பார். கட்டடக் குத்தகையாளரின் வரைபடத்தில் அந்தக் குழாயே இருக்காது. மின்சாரக்காரர், "ஐசோலேட்டர் சுவிட்ச் வரைக்கும்தான் எங்க வேலை" என்பார். மூவரும் ஒப்பந்தப்படி சரியாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் கூரையில் ஓட்டை போட யாரிடமும் காசு இல்லை. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு இதைச் சேர்க்க வேண்டுமானால் மாற்ற ஆணை, அதற்குத் தனி ஒப்புதல், மறுபடியும் குழு என்று நீளும்.

ஆகவே டெண்டருக்குப் போகும் முன்பே ஓர் அட்டவணை போடுங்கள். ஒரு கருவிக்கு ஒரு வரிசை. எடை, ஒருமுனை 230 வோல்ட்டா மும்முனை 400 வோல்ட்டா, தண்ணீர், கழிவுநீர், வாயு, வெளியேற்றும் குழாய், அறைக்குள் விடும் வெப்பம் எல்லாம் அதில் வரட்டும். (நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த கருவியை யாரும் தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) கடைசி மூன்று நெடுவரிசைகள்தான் முக்கியம்: யார் கொடுப்பது, யார் இணைப்பது, யார் சோதிப்பது. இந்த மூன்றில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக்கூடாது. இதே அட்டவணையை இரண்டு டெண்டர் ஆவணங்களிலும் பின்னிணைப்பாகச் சேருங்கள்.

இதற்கு எக்செல் போதும். விலை உயர்ந்த திட்ட மேலாண்மை மென்பொருள் எல்லாம் குழுவில் யாரும் திறக்காத ஃபைலைத்தான் தரும். வோர்டில் அட்டவணை போடுவதோ வேண்டவே வேண்டாம். ஆனால் ஒரு லேசர் அளவுமானி வாங்கிக்கொள்ளுங்கள். லாரி நிற்கும் இடத்திலிருந்து ஆய்வகம் வரை எல்லாக் கதவுகளையும், லிஃப்டின் உள்ளளவையும் எடுத்து அதே அட்டவணையில் எழுதுங்கள்.

4. மதிப்பீடு

தொழில்நுட்பக் குழு விலையைப் பார்க்காமல் மதிப்பிட வேண்டும். நிராகரித்தால் எந்த விதிக்குப் பொருந்தவில்லை என்று விதி எண்ணோடு எழுதுங்கள். "தரம் போதாது" என்று மட்டும் எழுதினால் கோப்பு திரும்பி வரும்.

5. ஒப்புதல் தாள்

ஒப்புதல் தரும் குழுவின் உறுப்பினர்கள் முதல் பக்கத்தைத்தான் படிப்பார்கள். தொகை, நிதி எந்தக் கணக்கிலிருந்து, மதிப்பீட்டுத் தொகைக்கும் பரிந்துரைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம், அதற்குக் காரணம், விலை செல்லுபடியாகும் கடைசித் தேதி, எல்லாம் அங்கேயே இருக்கட்டும். குழு கூடும் நாளுக்கு முன்பே விலை காலாவதியானால் எழுத்துபூர்வமாக நீட்டிப்பு வாங்கி இணைக்க வேண்டும்.

6. ஒப்புதலுக்குப் பிறகு

தேர்வானவருக்குச் சுராட் செத்துஜு தெரிமா (ஏற்புக் கடிதம்) போகும். கட்டட வேலைக்குச் செயல்திறன் உத்தரவாதம் (வேலையை ஒழுங்காக முடிப்பதற்கான பிணை) ஒப்பந்தத் தொகையில் 5%. வங்கி உத்தரவாதம் தர முடியாத குத்தகையாளர், ஒவ்வொரு இடைக்காலக் கட்டணத்திலும் 10% பிடித்துக்கொள்ளச் சொல்லி அந்த 5%-ஐ எட்டலாம். 500,000 ரிங்கிட்டைத் தாண்டிய கட்டட ஒப்பந்தத்துக்கு சிஐடிபி லெவி 0.125%. அதாவது 800,000 ரிங்கிட் வேலைக்கு 1,000 ரிங்கிட். கட்டுவது குத்தகையாளர்.

பின்சேர்க்கை

ஆட்டோகிளேவ் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) பற்றி ஒரு வாசகி கேட்டிருந்தார். அது அழுத்தக்கலன் என்பதால் ஜேகேகேபி (தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) பதிவு வேண்டும். அந்தப் பொறுப்பை விற்பவர் தலையில் வைத்து டெண்டரிலேயே எழுதிவிடுங்கள். எக்ஸ்ஆர்டி போன்ற எக்ஸ் கதிர்க் கருவிக்கு 1984 அணுசக்தி உரிமச் சட்டத்தின் கீழ் உரிமம் தேவை. பெட்டி வந்து இறங்கிய பிறகு விண்ணப்பித்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

இன்னொருவருக்கு வேறு மாதிரித் தலைவலி: கட்டடம் தாமதம், கருவி மட்டும் பெட்டியிலேயே கிடக்கிறது, உத்தரவாதக் காலமோ ஓடிக்கொண்டிருக்கிறது. கருவி ஒப்பந்தத்தில் "உத்தரவாதம் ஒப்படைத்த நாளிலிருந்து" என்று இருந்தால், "நிறுவிச் சோதித்து ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து" என்று மாற்றுங்கள். அறை தயாராகும்வரை எங்கே வைப்பது, அதற்கு யார் செலவு, காப்புறுதி யார் பெயரில் என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள். விற்பவர் இதற்குக் கொஞ்சம் கூடுதல் விலை போடுவார், போட்டும்.