லத்தீனா நடனத்தில் சிவப்புப் பாவாடையைத் தேடாதீர்கள்

லத்தீனா, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண், ஒருவர் அமைத்த தற்கால நடனம் என்றதுமே, சுழலும் சிவப்புப் பாவாடையும் குலுங்கும் இடுப்பும் நம் மனதில் வந்து நிற்கின்றன. டிவியில் ஜோடி நடனப் போட்டி பார்த்துப் பழகிய கோளாறு. அந்தப் போட்டிகளில் ‘லத்தீன்’ என்று சேர்க்கப்படும் ஐந்து ஆட்டங்களில் பாசோ தோப்ளே ஸ்பெயினின் காளைச் சண்டையை வைத்து உருவானது. ஜைவ் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆட்டத்திலிருந்து வந்தது. பாவாடை சுழலும் ஃபிளமென்கோ நடனமும் தென் ஸ்பெயினுடையதுதான், லத்தீன் அமெரிக்காவுடையது அல்ல.

நடன விமர்சனங்களில் ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் மொழி வழி வந்தவர்), லத்தீனா இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுவதும் உண்டு. போர்த்துகீசியம் பேசும் பிரேசில் பெண் லத்தீனா, ஆனால் ஹிஸ்பானிக் இல்லை. ஸ்பெயினின் மாட்ரிட் பெண்ணுக்கு அப்படியே தலைகீழ்.

சரி, பெரிய தவறுக்கு வருவோம். மேடையில் நாட்டு அடையாளம் எதையாவது பார்த்தால், உடனே ‘பாரம்பரியப் பெருமிதம்’ என்று எழுதிவிடுவது. டீனா ராமிரெஸ் 1970இல் நியூயார்க்கில் தொடங்கிய பாலே ஹிஸ்பானிக்கோ குழுவுக்காக, 2017இல் மிஷெல் மன்சனாலெஸ் ‘கோன் பிராசோஸ் அபியெர்தோஸ்’ என்ற நடனத்தை அமைத்தார். ‘விரித்த கைகளோடு’ என்று பொருள். அவர் டெக்சாஸில் வளர்ந்த மெக்சிகோ வம்சாவளிக்காரர். சின்ன வயதில் மெக்சிகோ அடையாளங்களைத் தனதென்று சொல்லவே தயங்கியவர். அந்த நடனத்தில் வரும் அகலமான சொம்ப்ரெரோ தொப்பியை வெறும் அலங்காரமாகப் பார்த்தால், அந்தத் தயக்கமும் அதிலிருக்கும் கேலியும் கண்ணில் படாது.

நாட்டு அடையாளமே தென்படாத நடனத்தைப் பார்த்து, ‘வேரை மறந்துவிட்டார்’ என்பது இதன் மறுபக்கம். மெக்சிகோவின் குலியாக்கானில் பிறந்த நடனக் கலைஞர் ஹோசே லிமோன் 1949இல் மெக்சிகோ வரலாற்றில் வரும் லா மலின்சே என்ற பெண்ணின் கதையையும் ஆடினார், ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ கதையையும் ஆடினார். இரண்டும் ஒரே வருடம்!

அப்புறம் போம்பா. கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவில், கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்கர்களிடம் பிறந்த ஆட்டம். ‘மேளத்துக்கு ஏற்ப ஆடுகிறார்’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். ஆடுபவர் மேளத்துக்கு முன்னால் வந்து வணங்கிவிட்டு, பாவாடை ஓரத்தைச் சட்டென்று வெட்டி இழுக்கிறார்; ப்ரீமோ என்ற முதன்மை மேளம் அந்த வெட்டைப் பிடித்து அடிக்கிறது. தோளை ஒரு சிலுப்பு சிலுப்பினால் அதற்கும் ஓர் அடி. ஜதிக்குக் காலை வைத்துப் பழகிய நம் கண்ணுக்கு இது பிடிபடக் கொஞ்சம் நேரமாகும். தற்கால மேடையில் போம்பாவைச் சேர்ப்பவர்கள் பதிவு செய்த இசையைப் போட்டு ஆடினால் எனக்கு ஏமாற்றம்தான். ஆடுபவர் என்ன சவால் விட்டாலும், ஒலிபெருக்கி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.